உமாசங்கரின் லினக்ஸும் நம் சாதிச் சான்றிதழும்

போன ஜூன் மாதம். கல்லூரிச் சேர்க்கை நேரம். பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் ஒரு பழைய அரசு மடிக்கணினி இருக்கிறது. மூடியில் ஜெயலலிதா படம், பாதி உரிந்திருக்கும். பேட்டரி செத்து வெகுநாள் ஆகிவிட்டது. ஒயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றுவதற்கு வந்திருந்தான். மிஷினைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று பாஸ், இன்னொன்று விண்டோஸ்.

"அண்ணா, இந்த பாஸ்னா என்ன? எங்க அக்கா லேப்டாப்லயும் வரும். அமுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க" என்றான்.

"ஆமா தம்பி, அத விடு. கீழ இருக்கறத அமுக்கு" என்று நாங்களும் சொல்லிவிட்டோம்.

வேலை விண்டோஸில் நடந்தது. ஸ்கேன் செய்யும்போதுதான் தெரிந்தது, அவன் கையில் சாதிச் சான்றிதழே இல்லை. இரண்டு முறை ஆன்லைனில் விண்ணப்பித்து இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம். பெயர்கள் எல்லாம் இந்துப் பெயர்கள். விசாரிக்க வந்தவர் கேட்ட ஒரே கேள்வி: "ஞாயித்துக்கிழமை எங்க போவீங்க?"

இரண்டு விஷயமும் ஒரே நாளில் ஒரே மேசை மீது வந்து விழுந்ததால்தான் இந்தக் கட்டுரை. அந்த "பாஸ்" எப்படி அரசு மடிக்கணினிக்குள் வந்தது என்று தேடிப் போனால், நம் மாநிலத்தின் ஒரு தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் கதைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரியின் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தது எது என்று பார்த்தால், சாதிச் சான்றிதழ். இருபது வயதில் இருக்கும் தோழர்கள் பலருக்கு சி. உமாசங்கர் என்ற பெயர் தெரியாது, தெரிந்தாலும் வேறு காரணத்துக்காகத் தெரிந்திருக்கும். அதற்கும் வருவோம்.

முதலில் 1999க்குப் போக வேண்டும். அன்று தமிழில் கணினி என்றால் எழுத்துருச் சண்டை. எங்கள் மூத்த தோழர்கள் விட்டுச் சென்ற ஒரு சிடியில் பத்து வருட மனுக்கள் இருக்கின்றன: சுடுகாட்டுப் பாதை, தெருக்குழாய், வன்கொடுமை வழக்கு, எல்லாம். திறந்தால் ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொக்கியுமாக நிற்கிறது. ஒவ்வொரு டைப்பிங் கடையும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்த காலம். எந்த எழுத்துருவில் அடித்தார்களோ அது உங்களிடம் இருந்தால்தான் படிக்க முடியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும் அதையொட்டி தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நடந்த முயற்சிகள். அரசு அலுவலகங்களோ வெகுகாலம் வானவில் எழுத்துருவையே கட்டிக்கொண்டு அழுதன. யூனிகோடுதான் அரசின் தரம் என்று ஆணை வந்தது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின் போதுதான். அதற்குள் எத்தனை மனுக்கள் படிக்க முடியாமல் போயின என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அந்த 1999இல்தான் உமாசங்கர் திருவாரூர் மாவட்ட ஆட்சியராகப் போனார். 1990ஆம் ஆண்டுத் தொகுதி அதிகாரி. அதற்கு முன்பே அவர் பெயர் அடிபட்டிருந்தது. 1995இல் மதுரையில் கூடுதல் ஆட்சியராக இருந்தபோது, கிராமங்களில் சுடுகாட்டுக் கூரை போடும் திட்டத்தில் முறைகேடு நடக்கிறது என்று தன் பெயரிலேயே உயர்நீதிமன்றத்தில் சொன்னவர் அவர். அது அ.தி.மு.க. ஆட்சி. அந்த வழக்கு சி.பி.ஐ. வரை போனது. ஆளுங்கட்சிக்கு எதிராக ஒரு பணியிலுள்ள அதிகாரி பிரமாணப் பத்திரம் போடுவது என்பதை இன்று நினைத்துப் பாருங்கள்.

திருவாரூரில் அவர் செய்தது தாலுகா அலுவலக ஆவணங்களைக் கணினிக்கு மாற்றியது. பட்டா, சிட்டா, முதியோர் ஓய்வூதியப் பட்டியல், சான்றிதழ்கள். வருவாய்த்துறை ஊழியர்களையே உட்காரவைத்துக் கணினி கற்க வைத்தார். அந்தக் காலத்தில் நாட்டிலேயே மின் ஆளுகைக்கு எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட மாவட்டங்களில் திருவாரூரும் ஒன்று.

இதில் நமக்கு என்ன? திருவாரூரும் நாகையும் சேர்ந்த கீழத்தஞ்சை, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண். அங்கே நிலம் என்பது வெறும் சொத்து கிடையாது. நம் திண்டுக்கல் பகுதியில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, அந்தப் பகுதியில்தான் தலித் பெண்களின் பெயரில் நிலம் பதிவு செய்து கொடுத்தார். அப்படி வாங்கிய ஒரு ஏக்கருக்குப் பட்டா பெயர் மாற்ற எத்தனை முறை நடக்க வேண்டும், யார் யார் கையை நனைக்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு, "கவுன்டரில் அன்றைக்கே அச்சடித்துத் தருவார்கள்" என்பது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும். கர்ணத்தின் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த ஊர், முதல்முறையாக ஒரு திரையில் எல்லோரும் பார்க்கும்படி வந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணினி, தாளில் இருப்பதைத்தான் பார்த்து எழுதும். 1892இல் சென்னை மாகாண அரசு, செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீர் அனுப்பிய அறிக்கையை அடுத்து, பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருடத்தில் அவை எத்தனை கை மாறின, 1980களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனை சர்வே எண்கள் வேறு பெயரில் ஏறின என்பதைத் தோண்டுவதே ஒரு போராட்டம். 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்டது அந்தப் போராட்டத்தில்தான். தவறான பெயர் தாளில் இருந்தவரை அடித்தல் திருத்தம் கண்ணுக்குத் தெரிந்தது; பழைய பெயரின் நிழலாவது இருந்தது. கணினியில் ஏறியபின் அது சுத்தமான, சந்தேகமே இல்லாத பெயராகிவிட்டது. மின் ஆளுகை பற்றிய பாராட்டுரைகளில் இந்த வரி வராது.

2001இல் ஆட்சி மாறியது. உமாசங்கரும் மாற்றப்பட்டார். மீண்டும் 2006இல் தி.மு.க. வந்த பிறகு, எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் ஆனார். அரசுக்குக் கணினி வாங்கித் தரும் நிறுவனம் அது, 1977இல் தொடங்கப்பட்டது. நம் கதையின் "பாஸ்" இங்கேதான் கருவாகிறது.

2006-07 காலத்தில் கணினி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பெயர் சொன்னால் போதும்: "நியூ ஃபோல்டர்" வைரஸ். பென் டிரைவைச் செருகினால் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உள்ளே அதே பெயரில் இன்னொன்று முளைக்கும். எங்களில் ஒருவர் இளங்கலை படிக்கும்போது கல்லூரி லேபில் பிராஜெக்ட் முழுவதையும் அதற்குப் பலிகொடுத்தார். ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் ஓடியதெல்லாம் காசு கொடுக்காத விண்டோஸ்; "இது அசல் பிரதி அல்ல" என்று மூலையில் எழுத்து வந்து திரை கறுப்பாகிவிடும். வைரஸ் தடுப்புக்குத் தனிக் காசு. வேடிக்கை என்னவென்றால், எங்கள் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடப்புத்தகத்தின் முதல் தொகுதி முழுவதும் ஸ்டார் ஆபீஸ். அதாவது மைக்ரோசாஃப்ட் அல்லாத ஒன்று. மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். வேலைக்குப் போனால் அதைத் தெரியும் என்று சொன்னவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

உமாசங்கர் எல்காட் அலுவலகத்தின் கணினிகளை முதலில் மாற்றினார். விண்டோஸுக்குப் பதில் சூசே லினக்ஸ். எக்செல், வேர்டுக்குப் பதில் ஓப்பன் ஆபீஸ். பிறகு அரசுப் பள்ளிகளுக்கு எல்காட் வாங்கிய பல்லாயிரம் கணினிகளும் லினக்ஸோடு போயின. லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்கும் தோழர்களுக்கு: 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் முயற்சியும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய மையநிரலும் சேர்ந்து உருவானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஒரு நிறுவனம் மூடிவைத்திருக்கும் மென்பொருளில் இது எதுவும் முடியாது. காசு கொடுத்தாலும் வாடகைக் குடித்தனம்தான்.

உமாசங்கர் அந்த நாட்களில் சொன்ன காரணங்கள் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வைரஸ் தொல்லை, லைசென்ஸ் செலவு, ஒரே கம்பெனியிடம் அரசு மாட்டிக்கொள்வது. ஒரு நிர்வாகியின் காரணங்கள். எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஆனால் அதன் பலவீனம் வேறு இடத்தில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள மலைக்கு அந்தப்பக்கம் போக வேண்டும்.

மேல்மலையில் கிளாவரை வரை பஸ்ஸில் போய் இறங்கி நின்றால், எதிரே இருக்கும் முகடு கேரளா. அந்த முகட்டுக்கு அப்பால் வட்டவடையில் படிக்கும் பிள்ளையும் அரசுப் பள்ளிதான். அங்கே 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. அதே வருடம் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கியது. பள்ளிக் கணினிக் கல்வி ஒரு தனியார் நிறுவனத்தின் விளம்பரமாக இருக்கக் கூடாது என்று ஆசிரியர் அமைப்புகள் போராடின. சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின. பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே அதில்தான். ஆட்சி மாறி மாறி வந்தது. காங்கிரஸ் வந்தது, இடதுசாரிகள் வந்தார்கள், லினக்ஸ் போகவில்லை. 2017இல் திட்டம் கைட் என்று பெயர் மாறி ஒரு நிறுவனமாகவே ஆனது.

தமிழ்நாட்டில் மாற்றம் வந்தது ஒரு நல்ல அதிகாரியின் அறையிலிருந்து. ஆசிரியர் சங்கம் கேட்கவில்லை, மாணவர் சங்கம் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். நம் இயக்கங்களின் 2006-07 காலத் துண்டறிக்கைகள் எங்களிடம் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி இருக்கிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது, கணினி இல்லை. அது மேல்சாதிக்காரன் வேலைவாய்ப்பு என்று நினைத்தோம். தலித் அதிகாரி ஒருவர் அரசின் கணினி முழுவதையும் கையில் வைத்திருந்த இரண்டு வருடம், அந்த வேலையைப் பற்றி நாம் ஒரு கூட்டம் போட்டதாகத் தெரியவில்லை. அவர் பதவியில் இருந்தவரை லினக்ஸ் இருந்தது. அவரை மாற்றியதும் அதைக் கேட்க நாதியில்லை.

மாற்றியது எங்கே என்பது தனி அரசியல். 2007 மே மாதம் தினகரன் நாளிதழ் கருணாநிதியின் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு போட்டது. மதுரையில் அந்த அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். கருணாநிதி குடும்பமும் மாறன் குடும்பமும் பிரிந்தன. மாறன் தரப்பின் கேபிள் வலைக்குப் போட்டியாக அரசு கேபிள் டி.வி. நிறுவனம் பிறந்தது. அந்தக் குழந்தையை வளர்க்க உமாசங்கரை அனுப்பினார்கள். அவர் வேலையை வேலையாக எடுத்துக்கொண்டார், அதுதான் பிரச்சினை. 2008 டிசம்பரில் குடும்பங்கள் ஒன்று சேர்ந்தன. இனிப்பு ஊட்டிக்கொண்டார்கள், படம் வந்தது. அரசு கேபிள் கிடப்பில் போனது.

2010 ஜூலையில் உமாசங்கர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசு சொன்ன காரணம்: பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்துப் பணியில் சேர்ந்தார். அவர் கிறிஸ்தவர், பட்டியல் சாதி இல்லை என்பது குற்றச்சாட்டு. இருபது வருடம் பணி செய்த பிறகு, சுடுகாட்டுக் கூரைக்குப் பிறகு, திருவாரூருக்குப் பிறகு, எல்காட்டுக்குப் பிறகு. எல்காட்டின் கூட்டு நிறுவனம் தொடர்பான ஒரு தொழில்நுட்பப் பூங்காவின் பங்குகள் கைமாறியது பற்றித் தான் விசாரித்ததும், அரசு கேபிளின் கம்பிகள் வெட்டப்பட்டதற்கு நடவடிக்கை கேட்டதும்தான் உண்மைக் காரணம் என்று அவர் சொன்னார். தேசியத் தாழ்த்தப்பட்டோர் ஆணையத்திடம் முறையிட்டார். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. கல்லூரி மாணவர்களும் ஐ.டி. ஊழியர்களும் இணையத்தில் கையெழுத்து திரட்டினார்கள். ஆகஸ்டில் அரசு பணியிடை நீக்கத்தை விலக்கிக்கொண்டது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் படிப்பகத்துத் தம்பியும் இதே வலையில்தான் நிற்கிறான். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மூன்றாம் பத்தி: இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியராக மாட்டார். 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்ச் சேர்கிறார். மாநில அரசின் கல்வி உதவித்தொகை படிவத்தில் எஸ்.சி., எஸ்.டி.க்குப் பக்கத்தில் எஸ்.சி.சி. என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது அவருக்கு. உதவித்தொகை வரும், இட ஒதுக்கீடு மாறிவிடும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டால் எதிர்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான்.

திரும்பி இந்துவானால்? 1975இல் கோலார் தங்கவயல் தொகுதித் தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதியார் ஏற்றுக்கொண்டால் பழைய சாதி திரும்பக் கிடைக்கும் என்றது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், நம்பிக்கையில்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்றது. ஆக, ஒருவர் மனதுக்குள் என்ன நம்புகிறார் என்பதை வருவாய் ஆய்வாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு மென்பொருளை எந்தக் கம்பெனியும் இதுவரை எழுதவில்லை.

பழனி மலையில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் குடியேறிய நாளிலிருந்து, மலைச் சாலையோரமும் எஸ்டேட் லைன்களிலும் கோயிலும் சர்ச்சும் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தவை. ஒரே வீட்டில் அண்ணன் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார், தம்பி ஜெபக்கூட்டம் போவார். சாவு வந்தால் இரண்டு பேரையும் ஒரே சேரியிலிருந்துதான் தூக்க வேண்டும். மலைப்புலையர் கதை இன்னொன்று: எங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேருங்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பட்டியல் சாதியிலேயே வைத்திருக்கிறார்கள். எந்தப் பட்டியல் என்பதை மக்கள் சொல்வதில்லை, தாள் சொல்கிறது.

இனி நமக்குச் சங்கடமான பகுதி. உமாசங்கர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கிறிஸ்தவ ஊழியம் செய்யத் தொடங்கினார். 2015 ஜனவரியில், பணியிலுள்ள அதிகாரி மதப் பிரச்சாரம் செய்யக் கூடாது என்று அரசு அவருக்கு உத்தரவிட்டது. அது என் அடிப்படை உரிமை என்று அவர் சொன்னார். இளைய தோழர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் இதனால்தான் தெரிந்திருக்கும். 2010இல் அவருக்காகக் கையெழுத்து வாங்கிய எங்களில் சிலர் அப்போது வாயடைத்துப் போனோம். "அப்ப அன்னிக்கு சொன்னது சரிதானா?" என்று அலுவலகத்தில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் திணறினோம்.

இன்று யோசித்தால், திணறியிருக்க வேண்டியதில்லை. ஒரு மனிதர் எந்த வருடம் எதை நம்பினார் என்பதில் அவருடைய கல்வி, வேலை, மானம் எல்லாம் தொங்க வேண்டும் என்று வைத்திருக்கும் விதியைத்தான் நாம் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவரை நல்ல இந்து தலித் என்று நிரூபிக்கப் பார்த்தது நம் தவறு. அவருடைய பிரசங்கங்களில் எங்களுக்கு உடன்பாடு இல்லை, அது வேறு. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை இந்தக் கேள்விக்காகவே அமைத்தது. கால நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கியது.

மறுபடி மடிக்கணினிக்கு வருவோம். 2011இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்தார். செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. வாங்கியது எல்காட். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் லினக்ஸ் மட்டும் போதும் என்றார்கள். கடைசியில் இரண்டும் வந்தது: விண்டோஸும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும். பிள்ளைகள் கையில் மிஷின் வந்தது சாதாரண விஷயம் இல்லை, எங்கள் மலையில் பல வீடுகளில் டி.வி.க்கு அடுத்து நுழைந்த மின்சாதனம் அதுதான். ஆனால் பாஸை எப்படி ஓட்டுவது என்று ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித் தரவில்லை. செல்போன் கடையில் ஐம்பதோ நூறோ கொடுத்து அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றிக்கொண்டார்கள். அழிக்கத் தெரியாதவர்கள் அமுக்கக் கூடாது என்று தங்கைகளுக்குச் சொல்லிவைத்தார்கள். உமாசங்கரின் வேலையில் மிஞ்சியது ஒரு அமுக்கக் கூடாத பெயர்.

அரசு கேபிளுக்கு என்ன ஆனது? அதே 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அதை எழுப்பினார், மாதம் 70 ரூபாய்க்கு. பிறகு அதே நிறுவனத்தின் கையில்தான் தாலுகா அலுவலகங்களின் அரசு இ-சேவை மையங்கள் வந்தன. ஆமாம் தோழர்களே, நீங்கள் 60 ரூபாய் கட்டி, கேன் எண் வாங்கி, ஓ.டி.பி. சொல்லி சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் மையம், ஒரு குடும்பச் சண்டையில் பிறந்து, சமாதானத்தில் கிடப்புக்குப் போய், எதிர்க்கட்சி ஆட்சியில் உயிர்த்த கம்பெனியுடையது. அதன் தொடக்க கால நிர்வாகியின் சாதிச் சான்றிதழ் செல்லாது என்று அரசே சொன்னது. வரலாறு இப்படியெல்லாம் எழுதிக்கொள்ளும் என்று கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

2022 நவம்பரில் அரசு கேபிள் பெட்டிகள் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் நின்றன. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துடன் தகராறு. பல நாள் படம் வரவில்லை. அரசு நிறுவனம், அரசுப் பெட்டி, ஆனால் உள்ளே இருந்த பூட்டு வேறொருவருடையது. பதினைந்து வருடத்துக்கு முன் எல்காட்டில் ஒருவர் சொன்னது இதைத்தான். அன்றைய செய்திகளில் யாரும் அவரை நினைவுபடுத்தவில்லை.

லினக்ஸ் வந்தால் சாதி போய்விடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டற்ற மென்பொருள் கூட்டங்களுக்குப் போயிருக்கிறோம். அங்கே நிரலின் சுதந்திரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், அறையில் யார் இல்லை என்பதைப் பேச மாட்டார்கள். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் சமூகக் கணினி மையம் என்று ஒன்றை, கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் அங்குள்ள பிள்ளைகளோடு சேர்ந்து நடத்தினார்கள். கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய மிஷின்கள், லினக்ஸ், கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருள். பிள்ளைகள் வரைந்த படங்களைக் கண்காட்சியே வைத்தார்கள். நம் பக்கம் விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறது. தமிழில் படிக்க 2012 முதல் கணியம் இருக்கிறது. காசு கேட்காத வாசல்கள் இவை. நாம்தான் போய்த் தட்டவில்லை.

இப்போது மறுபடியும் மடிக்கணினி வருகிறது. 2025 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். மூடியில் யார் படம் என்று மேடைகளில் சண்டை நடக்கும். உள்ளே என்ன இருக்க வேண்டும், அதைச் சொல்லித்தர யார் என்று ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் ஒரு மனு போட்டால் என்ன? யூனிகோடில் போடுங்கள், பத்து வருடம் கழித்தும் படிக்க வேண்டும்.

எங்கள் படிப்பகத்தில் ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய மிஷினை மேசையில் வைத்து பாஸை அமுக்கினோம். அதிகம் பழசு, எதுவும் ஒத்துவரவில்லை. அதை எடுத்துவிட்டு இலேசான வேறொரு லினக்ஸ் போட்டோம். போட்டது அந்தத் தம்பிதான், செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கரண்ட் இரண்டு முறை போனதால் மூன்றாவது முறையில். தமிழ்99 விசைப்பலகை வருகிறது, எழுத முடிகிறது. கைரேகைக் கருவி மட்டும் வேலை செய்யவில்லை, அதற்கு லினக்ஸில் டிரைவர் கிடைக்கவில்லை. அதற்காகப் பக்கத்து வீட்டு விண்டோஸை நம்பியிருக்கிறோம்.

சான்றிதழுக்கு மூன்றாவது முறை விண்ணப்பித்தோம். தாத்தாவின் 1950களின் பள்ளி மாற்றுச் சான்றிதழை ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து பாட்டி எடுத்துக் கொடுத்தார். சாதி என்ற இடத்தில் மையில் எழுதியிருந்தது அழியவில்லை. கலந்தாய்வின் முதல் சுற்று அதற்குள் போய்விட்டது. இதை எழுதும்போது இணையதளத்தில் நிலை: "வருவாய் ஆய்வாளரிடம் நிலுவையில் உள்ளது."